மூன்றாம் ஆட்டத்துக்குப் பிறகு

என் மகளின் தலையில் அடி விழுந்தபோது நான் பட்டுப்புழுக்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியைப் புழு அடுக்கின் கம்பியில் சாய்த்து வைத்திருந்தேன். பிற்பகல் நேரம். கடைசிப் பருவத்துப் புழுக்கள் நிற்காமல் தின்னும். கொட்டகைக்குள் தூறல் விழுவதுபோல ஓயாத சத்தம் இருக்கும். அந்தச் சத்தத்தில் வர்ணனை காதில் விழாது, படம் மட்டும்தான். அதனால் அவள் விழுந்ததை நான் சத்தமில்லாமல் பார்த்தேன்.

அவள் இந்தியப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடுகிறாள். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் இடம் அவளுடையது. ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் ஆட்டங்களுக்காக அணி வெளிநாடு போயிருந்தது. ஒரு குழுவில் சில நாடுகள். எல்லோரும் எல்லோரோடும் ஆடவேண்டும். முதலில் வரும் ஒரு நாடு மட்டும் கோப்பைக்குப் போகும், மற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அன்று நடந்தது மூன்றாவது ஆட்டம்.

மூலையிலிருந்து பந்து உயர்ந்து வந்தது. இவளும் எதிரணிப் பெண் ஒருத்தியும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். பந்து எங்கோ போக, இரண்டு தலைகளும் மோதிக்கொண்டன. அந்தப் பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் மகள் கைகளை ஊன்றாமல் விழுந்தாள். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். இவள் சாக்கு மூட்டை சாய்வதுபோலச் சாய்ந்தாள்.

டாக்டர் ஓடிவந்து விரல்களைக் காட்டி ஏதோ கேட்டார். இவள் தலையாட்டிப் பதில் சொன்னாள், தண்ணீர் குடித்தாள், எழுந்து நின்று கட்டைவிரலை உயர்த்தினாள். ஆட்டம் தொடர்ந்தது. முடிகிறவரை ஆடினாள். நாம் ஜெயித்தோம். அடுத்த ஆட்டம் போட்டியை நடத்தும் நாட்டோடு. அதில் ஜெயித்தால் கோப்பைக்குப் போகலாம், இல்லாவிட்டால் இல்லை.

மல்பெரி இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த என் கணவரிடம் ஜெயித்துவிட்டோம் என்று சொன்னேன். விழுந்ததையும் சொன்னேன். எந்திரிச்சு ஆடிட்டாளில்ல, அப்புறம் என்ன என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் என் கை இலை போடுவதை நிறுத்திவிட்டிருந்தது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். புளி உலுக்க மரமேறியவன் கிளை முறிந்து கீழே விழுந்தான். ரத்தம் இல்லை, காயம் இல்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தான். மாட்டுக்குத் தண்ணி காட்டினியா என்று என்னைக் கேட்டான். காட்டிவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டான். அப்புறம் இன்னொரு தடவை. நாங்கள் எல்லோரும் அவனைக் கேலி செய்து சிரித்தோம். தூக்கம் வருகிறது என்று மர நிழலில் படுத்தான். வண்டி பிடித்துத் தருமபுரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் மகள் பேசினாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சாப்பாடு, மழை, எதிரணியின் உயரம் என்று ஏதேதோ சொன்னாள். பிறகு, புழு நாலாவது தோல் உரிச்சிருச்சா என்று கேட்டாள். உரித்துவிட்டது, இப்போது இலை போட்டு மாளவில்லை என்றேன். சிரித்தாள். அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள். அதற்கும் பதில் சொன்னேன்.

"சரிம்மா, புழு நாலாவது தோல் உரிச்சிருச்சா?"

அதே குரல், அதே இழுப்பு. லைன் கோளாறில் பழைய பேச்சு திரும்பக் கேட்கிறதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். கொட்டகையை விட்டு வெளியே வந்து, தலை வலிக்கிறதா என்று கேட்டேன். திரும்பவும் கேட்டேன்.

கொஞ்சம் வலிக்கிறது என்றாள். வெளிச்சம் கண்ணைக் குத்துவதால் அறையின் திரைகளை மூடி வைத்திருக்கிறாளாம். ஒரு தடவை வாந்தி வந்ததாம். கூடத் தங்கியிருக்கும் பெண்ணிடம் வெறும் அசதி என்று சொல்லியிருக்கிறாள். டாக்டர் வந்து பார்த்தபோது எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு சாமர்த்தியம் தெரிந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. சொன்னா கடைசி மேட்ச்ல ஒக்கார வெச்சிருவாங்க. இதுக்குத்தான் இத்தன வருசம் ஓடுனேன். அப்பாகிட்டயும் சொல்லாத."

நான் சரி என்றேன். அந்த ஒரு சொல்தான் சொன்னேன்.

ராத்திரி எப்படிப் போனது என்று எழுதப் போவதில்லை. காலையில் அவளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கொஞ்சம் கழித்து ஒரு செய்தி அனுப்பினாள். நன்றாக இருக்கிறேன், பயிற்சிக்குப் போகிறேன் என்று எழுத நினைத்திருக்கிறாள். ஆனால் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. ஒரு சொல் பாதியில் நின்றிருந்தது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் அவள். அவசரத்தில்கூடப் பிழையில்லாமல் அனுப்புவாள்.

புழுப் படுக்கையில் தூவுகிற சுண்ணாம்புத் தூள் தீர்ந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் பென்னாகரத்துக்குப் பஸ் ஏறினேன்.

எனக்கு ஆங்கிலமும் தெரியாது, இந்தியும் தெரியாது. தமிழும், எங்கள் ஊரில் பாதிப் பேர் பேசுவதால் கொஞ்சம் கன்னடமும்தான். பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் அணி மேனேஜரின் எண் இருந்தது. அந்த அம்மா இந்தி பேசுகிறவர். எனக்காக அவரிடம் பேசக்கூடிய ஆள் என்று யோசித்தபோது செருப்புக் கடை பாய்தான் நினைவுக்கு வந்தார். மகளின் முதல் பூட்ஸைப் பெங்களூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தவர் அவர். அவளுடைய கால் அளவு வளர வளர அவருக்குத்தான் முதலில் தெரியும்.

போனபோது பாய் கடைக்குள் ஸ்டூலில் ஏறி நின்று டிவியைச் சுவரில் உயர்த்தி மாட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் பிற்பகல் ஆட்டத்துக்குக் கடைத்தெருவே இங்கேதான் வரப்போகிறது என்றார். டீக்குச் சொல்லியாகிவிட்டதாம். நான் வாசலிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியைப் பற்றியும் சொன்னேன். பாய் அட்டைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். அங்கே டாக்டர் கூடவே இருக்கிறார்களே, அவர்களுக்குத் தெரியாததா என்று கேட்டார். அவர்களுக்கு எப்படித் தெரியும், இவள் மறைக்கிறாளே என்றேன். அவர் டிவியை ஒருதரம் பார்த்தார்.

"நான் பேசிருவேன்மா. ஆனா பேசுனதுக்கப்புறம் அந்தப் பொண்ணு உங்க மூஞ்சியப் பாக்கமாட்டா. அதுக்குத் தயாரா இருக்கீங்களா?"

"அவ உசுரோட இருந்து பாக்காம இருக்கட்டும் பாய்."

அவர் எண்ணை அழுத்தினார். மேனேஜர் எடுத்ததும் எழுந்து நின்று பேசினார். எனக்குப் புரிந்த சொற்கள் டாக்டர், மேட்ச் இரண்டுதான். நடுநடுவே போனைப் பொத்திக்கொண்டு என்னைக் கேட்பார். எத்தனை தடவை வாந்தி? அதே கேள்வி என்றால் என்ன கேள்வி? புழுவைப் பற்றி என்று நான் சொல்ல, அதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் திணறினார். கடைசியில் அந்தப் பக்கம் பேச்சு வேகமானது. பாய் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வைத்தார்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுப்பார்களாம். நான் சொன்னதாக மகளிடம் சொல்லமாட்டார்களாம். அந்த அம்மா நன்றி சொன்னாராம். எனக்கு எதற்கு நன்றி என்று புரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பள்ளி விட்ட பிள்ளைகளுக்கு நடுவில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள்தான்.

"நீ சொன்னியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் காட்டிக்கொடுக்கமாட்டார்கள். பொய் நாக்கின் நுனிவரை வந்தது.

"ஆமா, சொன்னேன்."

"இனிமே எனக்கு என்ன ஆனாலும் உங்கிட்ட சொல்லமாட்டேன்."

வைத்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. இறங்கி வீடு வந்த பிறகுதான் வாங்கிய சுண்ணாம்புப் பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. கடைக்கு மறுபடியும் போகணுமா என்றார் கணவர். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

அதன்பிறகு எந்தத் தகவலும் இல்லை. பாய் மேனேஜரை மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்றார். மகளுடைய போன் அணைத்திருந்தது. ஸ்கேன் எடுத்தார்களா, எடுத்து என்ன தெரிந்தது, அறுவை சிகிச்சை என்றால் யாரைக் கேட்பார்கள், நாங்கள் அங்கே எப்படிப் போவோம், என்னிடம் பாஸ்போர்ட்கூட இல்லையே. இலை போட்டுக்கொண்டே இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கூடு கட்டத் தயாரான புழுக்கள் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டின. அதைப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

மறுநாள் பிற்பகல் கணவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வண்டியில் இருவரும் பென்னாகரம் போனோம். வழியிலாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், வாய் வரவில்லை. செருப்புக் கடைக்குள் நிற்க இடமில்லை. எங்களைக் கண்டதும் நாற்காலி போட்டு முன்னால் உட்கார வைத்தார்கள். பாய் என் கண்ணைப் பார்த்து, தகவல் எதுவும் இல்லை என்பதுபோல லேசாகத் தலையாட்டினார்.

ஆடும் பதினொரு பேரின் பெயர்கள் திரையில் வந்தன. அவள் இல்லை. மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்கள் வந்தன. அதிலும் இல்லை. கேமரா அவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொரு முகமாகத் தேடினேன். எங்குமே அவள் இல்லை.

கடைக்குள் சலசலப்பு. ஏன் எடுத்துவிட்டார்கள், யாருக்கோ சிபாரிசா என்று ஆளுக்கொன்று பேசினார்கள். கணவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, எழுந்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். வெயிலில், தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதுதான் என் பற்கள் ஒன்றோடொன்று மோதுவது எனக்கே கேட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா தடுத்திருப்பீங்க."

"தடுத்திருக்கமாட்டேன். ஒத்தையா நின்னு பயந்திருக்க வேணாம்னுதான் கேக்கறேன்."

இப்போது அவள் எங்கே என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து ஒரு பெரிய முனகல். எதிரணி கோல் போட்டுவிட்டது. உள்ளே போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தோம். என் மகள் நிற்கவேண்டிய இடத்துக்குள் புகுந்து தலையால் முட்டி அடித்த கோல் என்று யாரோ விளக்கினார்கள். அவள் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள் என்றார் இன்னொருவர். அது என்மேல் வந்து விழுந்தது. நாடே தோற்றால் அது என்னால்தான் என்ற எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே, தோற்றுப்போகட்டும், அவளை மட்டும் காட்டுங்கள் என்றும் தோன்றியது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு நாம் ஒன்று போட்டோம். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் நமக்கு ஒரு கார்னர் கிடைத்தது. என் மகளுக்குப் பதிலாக நின்ற பெண், சின்ன வயதுப் பெண், முதல் பெரிய ஆட்டமாம், பின்னாலிருந்து ஓடிவந்து தலையைக் கொடுத்தாள். பந்து வலைக்குள் போயிற்று. கடைக்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். யாரோ என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தத் தோள்களுக்கும் கைகளுக்கும் நடுவில் எனக்குத் திரையின் ஒரு துண்டுதான் தெரிந்தது.

அந்தத் துண்டில் அவள் இருந்தாள். பார்வையாளர் வரிசையில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, டாக்டரின் பக்கத்தில். சுற்றிலும் எல்லோரும் எழுந்து நிற்க, அவள் மட்டும் உட்கார்ந்தபடி கை தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணிமைக்கும் நேரம்தான். கேமரா வேறு பக்கம் போய்விட்டது. நான் எழுந்திருக்க முயன்றேன். கணவர் என்னைப் பிடித்துக்கொண்டு, பார்த்தேன், பார்த்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோலுக்காக நாங்கள் அழுகிறோம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இந்தியா தகுதி பெற்றுவிட்டது. சாயங்காலம் மேனேஜர் பாயிடம் பேசினார். ஸ்கேனில் ரத்தக் கசிவு எதுவும் இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது, வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்றாராம்.

அவள் ஊர் திரும்பிய நாளில் தருமபுரி பஸ் நிலையத்தில் மாலையும் மேளமுமாக ஒரு கூட்டம் காத்திருந்தது. மேளத்தின் முதல் அடி விழுந்ததுமே அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கணவர் ஓடிப்போய் மேளக்காரர்களைக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னார். வீடு வரும்வரை அவள் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் பேசவில்லை.

அறை ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு இருட்டில் படுத்துக்கிடந்தாள். போன் வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைப்பேன். தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைப்பாள். சாயங்காலங்களில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மல்பெரி வரப்பில் நடப்பாள். நேராக நடக்கிறாளா என்று நான் கொட்டகைக்குள் நின்று பார்ப்பேன். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று கதவருகே போய்க் கேட்பேன். ஒருதரம் அவள் விழித்திருந்தாள். இருட்டில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல. நான் ஆடியிருக்கலாம்."

தம்பிக்கு ஸ்கேன் எடுக்கவில்லை. இவளுக்கு எடுத்ததில் ஒன்றும் இல்லை. அவள் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு கோப்பைக்கான அணியை அறிவித்தார்கள். அவள் பெயர் இல்லை. அந்தச் சின்னப் பெண்ணின் பெயர் இருந்தது. நன்றாக ஆடுகிறவளை எப்படி நீக்குவார்கள், தப்பில்லையே என்று அப்பாவிடம் சொன்னாள். அன்று முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை.

அதற்குச் சில நாள் கழித்துப் புதுப் புழு வந்திருந்தது. நான் தனியாக இலை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"நீ அவங்ககிட்ட சொன்ன அன்னிக்குக் காலையில பயிற்சியில எனக்கு ரெண்டு பந்து தெரிஞ்சுது. எதை முட்டறதுன்னு தெரியல. ரெண்டையும் விட்டுட்டேன். யாரும் கவனிக்கல."

கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும், ஏண்டி என்று ஓங்கி அறையவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"கைய கழுவிட்டு வா, எலை போடலாம்" என்றேன்.

கழுவிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக இலை போட்டோம். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் அப்படி எதுவும் சொல்லவில்லை.

டாக்டர்கள் சரி என்ற பிறகு மறுபடியும் ஓட ஆரம்பித்தாள். முதலில் பந்தில்லாமல், பிறகு பந்தோடு, கடைசியாகத் தலையால் முட்டுவது. அதை அவள் வீட்டுச் சுவரில் பழகிய நாட்களில் ஒவ்வொரு முட்டுக்கும் உள்ளே இருந்த நான் கைவேலையை நிறுத்திவிடுவேன். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள். கோப்பை ஆட்டங்களை வீட்டில் எங்களோடு உட்கார்ந்து பார்த்தாள். அந்தச் சின்னப் பெண் பந்தைத் தடுத்தபோதெல்லாம் நல்லா நிக்கிறா என்று மெதுவாகச் சொன்னாள்.

இப்போது அவளை மறுபடியும் அணியின் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த தகுதிச் சுற்று எப்போதோ வரும். அவள் பேசுவது வாரத்தில் ஒன்றோ இரண்டோ நாள், பெரும்பாலும் அப்பாவிடம். போன வாரம் என் போனுக்கே கூப்பிட்டாள். அவள் பேசுவதில் ஏதாவது திரும்பி வருகிறதா என்று ஒவ்வொரு சொல்லையும் எண்ணாத குறையாகக் கேட்டேன்.

"இடது தோள்ல அடிம்மா. கீழ விழுந்துட்டேன். டாக்டர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்காங்க."

"தலை?"

"தலையில படல. அதையும் பாத்துட்டாங்க."

சரி என்றேன். அப்பாவிடம் கொடு என்றாள். கொடுத்துவிட்டு, அங்கேயே இலைக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.